மிதிவண்டி என்றோம், மேற்கொண்டு என் செய்தோம்?

‘சைக்கிள்’ என்பதை விலக்கி ‘மிதிவண்டி’ என்று எழுதக் கற்றுக்கொண்டோம். நன்று. அச்சொல்லைப் பாடநூல் ஏற்றது, செய்தித்தாள் ஏற்றது, அரசாணையும் ஏற்றது. தனித்தமிழின் வெற்றிகளுள் ஒன்றென அதனை மேடைதோறும் எடுத்துக்காட்டிக் கைதட்டலும் பெற்றோம். ஆயின், தமிழ்மக்காள், அவ் வெற்றி எத்தனை விரல் ஆழம் உடையது என்று என்றேனும் குனிந்து பார்த்தோமா? வண்டியின் பெயர் தமிழ். வண்டியில் உள்ளன யாவை? வீல், ரிம், இசுபோக்கு, டயர், டியூப், செயின், பெடல், பிரேக், மட்கார்டு, கேரியர்! வாயிலில் தமிழ்ப் பெயர்ப்பலகை. உள்ளே அறைதோறும் அயலார் குடியிருப்பு. இதனையோ நாம் வெற்றி என்கிறோம்?

இது சொல்லைப் பற்றிய குறை மட்டும் அன்று. கையைப் பற்றிய குறை. பெயர் தெரியாத உறுப்பை எவனும் துணிந்து தொடான். தொடாத உறுப்புக்கு எவனும் பெயரிடான். நாம் மிதிவண்டியின் மேலேறி அமர்ந்தோம்; கீழே குந்தி அதன் மரையைத் திருகினோமில்லை. ஆகவேதான் முழுமைக்குப் பெயர் தந்து உறுப்புகளைக் கைவிட்டோம். தன் வீட்டு வண்டியைத் தன் கையால் செப்பஞ் செய்யத் தெரியாத மொழியினம், தன் மொழியில் அறிவியல் வளர்க்கப் போவதாகச் சூளுரைப்பது நகைப்பிற்கு இடமாகும்.

என் குற்றம்

பிறரைக் குறை கூறுமுன் என்னையே முதலில் கூண்டில் நிறுத்துகின்றேன். என்னிடம் தமிழ் பயிலும் மேனிலை வகுப்பு மாணாக்கி ஒருத்தி. அவள் ஊர்க்கும் பள்ளிக்கும் இடையே ஏழு கிலோமீட்டர். அரசு வழங்கிய மிதிவண்டியில் நாள்தோறும் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆறாம் நாளும் அவள் இருக்கை வெறுமையாய்க் கிடக்கவே, மாலையில் அவள் வீட்டிற்குச் சென்றேன். மிதிவண்டி திண்ணையோரம் சாய்ந்து கிடந்தது. தந்தையார் எழுந்து நின்று சொன்னார்: “பின்னாடி வீலு கோட்டமாப் போச்சுங்க ஐயா. செயினும் அறுந்துபோச்சு. அறுப்பு நேரம், டவுனுக்குத் தூக்கிட்டுப் போக ஆளில்ல. பொட்டப்புள்ள இருட்டுல நடந்து வரவேணாம்னு நிறுத்திட்டேங்க.”

அதற்கு முந்தைய கிழமைதான் ‘மிதிவண்டி’ என்பது வினைத்தொகை. மிதித்த வண்டி, மிதிக்கின்ற வண்டி, மிதிக்கும் வண்டி என முக்காலத்தும் விரியும் என்று அம் மாணாக்கியின் வகுப்பிலே கரும்பலகையில் எழுதினேன். முக்காலத்தும் விரிந்த அவ் வண்டி எக்காலத்தும் ஓடாதாய் என் கண்முன் கிடந்தது. முப்பதாண்டு தமிழ் கற்பித்த என் கைக்கு எந்த மரையை எப்பக்கம் திருகுவது என்று தெரியவில்லை. வெட்கித் தலைகுனிந்தேன்.

அடுத்த ஊரில் மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தேன். ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர். உருளியைச் சுழற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “கோட்டம் எடுத்துட்டாப் போதும்” என்றார். மூன்று கம்பி, இரண்டு கண்ணி, ஒருமணி நேரம், வண்டி ஓடிற்று. மறுநாள் அவள் வகுப்பில் இருந்தாள். ஆறு நாள் கல்வி மூன்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது!

அம் முதியவரின் வாயில் பிறந்த சொல்லைக் கேட்டீர்களா? கோட்டம்! நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆளும் அதே சொல். வளைவு, நேர்மை திறம்புதல் என்று நாம் பொழிப்புரை எழுதி மாணாக்கரை உருப்போடச் செய்யும் சொல், அங்கே வேலமரத்து நிழலில், எண்ணெய்க் கறை படிந்த கையில், உயிரோடு உருண்டுகொண்டிருக்கிறது. கல்லூரியில் பயின்றவனோ ‘ரிம் பெண்டு’ என்கிறான். தமிழைக் காத்தவன் யார்? காப்பதாகச் சொல்லிக்கொண்டவன் யார்?

தச்சன் பெயரிட்டான், நாம் துறந்தோம்

‘தமிழில் பொறிகளுக்குச் சொல் இல்லை’ என்று ஒரு கூட்டம் நெடுநாளாய் ஓதி வருகிறது. அவர்களை ஒரு மாட்டுவண்டியின் அருகே நிறுத்துங்கள். நடுவில் இருப்பது குடம். குடத்தினின்று கிளைப்பன ஆர்க்கால்கள். ஆர்க்கால்களைச் சூழ்ந்து வளைந்திருப்பது வட்டை. வட்டையின் மேல் இறுக்கிய இரும்பு பட்டை. குடத்தினூடு செல்வது அச்சு; உருளி கழலாமற் காப்பது கடையாணி. பெருந்தேர்க்கு அச்சாணியை எடுத்துக்காட்டிய வள்ளுவர் காலந்தொட்டு, ஓர் உருளியில் பெயரற்ற உறுப்பு ஒன்றேனும் நம் தச்சனிடம் இருந்ததில்லை. தான் செய்த ஒவ்வொன்றையும் அவன் தன் தாய்மொழியில் அழைத்தான்.

மிதிவண்டியில் சுழல்வதும் உருளிதானே? அதன் நடுவில் குடம் இல்லையா? குடத்தினின்று கம்பிகள் கிளைக்கவில்லையா? அவற்றைச் சூழ்ந்து வட்டை இல்லையா? வட்டைமேல் பட்டை இல்லையா? மரத்தின் இடத்தில் எஃகு வந்தது. இரும்புப் பட்டையின் இடத்தில் காற்றடைத்த தொய்வப்பட்டை வந்தது. இவ்வளவே வேறுபாடு. இன்னொன்றும் உண்டு. மாட்டுவண்டியின் ஆர்க்கால் அழுத்தத்தைத் தாங்குவது. மிதிவண்டியின் கம்பியோ இழுவிசையால் நிற்பது. ஆகையால் அதனை ஆர்க்கம்பி எனலாம். பட்டறையாரும் கம்பி என்றே சொல்கின்றனர். பாதி வேலையை அவர்கள் முடித்துவிட்டனர். மீதிப் பாதிதான் நம் பொறுப்பு.

சொல் இருந்தும் ஏன் வழங்காதொழிந்தது? கையால் உழைப்பவன் கீழோன், வாயால் பிழைப்பவன் மேலோன் என்னும் வருணக் கொடுமை தமிழ்ப் புலவன் நெஞ்சிலும் புகுந்து குடிகொண்டமையால்! தச்சனும் கொல்லனும் பேசியது நமக்குக் ‘கொச்சை’ ஆயிற்று. தச்சனின் சொல்லைக் கொச்சை என்று தள்ளிய அதே நாவு, இங்கிலாந்துத் தச்சனின் சொல்லை ‘அறிவியற் கலைச்சொல்’ என்று போற்றியது. எத்தகைய அடிமைத்தனம் இது!

ஆங்கிலேயன் செய்தது என்ன?

இங்கிலாந்துத் தச்சன் என்று வாய்தவறிச் சொல்லவில்லை, அறிந்தே சொன்னேன். 1885-இல் கோவன்ட்ரி நகரில் சான் கெம்ப்பு இசுடார்லி என்பார், ஏறத்தாழ ஒத்த அளவுடைய ஈருருளியும், பின்னுருளியை இழுக்கும் தொடரும் கொண்ட மிதிவண்டியை உருவாக்கினார். இன்றைய வண்டிகளின் வடிவம் அதுவே. 1880-இல் ஆன்சு ரெனால்டு ஆக்கிய உருளைத் தொடரே இன்றளவும் மிதிவண்டித் தொடரின் அடிப்படை. அப்புதுப் பொறிக்கு ஆங்கிலேயன் இலத்தீன அகரமுதலியைத் திறந்துவைத்துக்கொண்டு புதுச்சொல் தேடினானா? இல்லை. ‘இசுபோக்கு’ என்பது அவன் நாட்டுப் பழைய மாட்டுவண்டி, குதிரைவண்டிகளின் ஆர்க்கால். ‘ரிம்’ என்பது பழைய ஆங்கிலத்தில் விளிம்பு. ‘டயர்’ என்பது உருளிக்கு உடுத்திய உடை என்னும் பொருளில் வண்டித்தொழிலாளர் வழங்கிய சொல். குதிரையின் சேணத்துக்குரிய பெயரையே மிதிவண்டி இருக்கைக்கும் இட்டான். தன் ஊர்த் தச்சனிடமும் கொல்லனிடமும் சேணம் தைப்பவனிடமும் சொற்களை வாங்கிப் புதுப்பொறிக்கு அணிவித்தான்.

நாம் செய்தது என்ன? அவன் தச்சனின் சொல்லைத் தலைமேற் சுமந்தோம். நம் தச்சனின் சொல்லைக் குப்பையில் எறிந்தோம். மிதிவண்டியை அவன் தந்தது உண்மை. அதற்காக நன்றி கூறலாம். தன் தச்சனை மறக்கச் சொல்லி அவன் நம்மைக் கேட்டானல்லன். அக் கேட்டை நாமே தேடிக்கொண்டோம்.

மற்றொன்றையும் எண்ணுங்கள். 1888-இல் பெல்பாசுட்டு நகரில் காற்றடைத்த உருளிப்பட்டையை உருவாக்கிய சான் பாய்டு டன்லப்பு ஒரு கால்நடை மருத்துவர். தம் சிறுமகனின் முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டுமென்று வீட்டில் அவர் செய்த முயற்சியே உலகை மாற்றியது. 1903-இல் வானூர்தியைப் பறக்கச் செய்த ரைட்டு உடன்பிறந்தார் இருவரும் மிதிவண்டிப் பட்டறை நடத்தியவர்கள். அவ் வானூர்தியின் விசிறிகளைச் சுழற்றியதும் பல்லுருளியும் தொடரும்தாம். வானூர்தி மிதிவண்டிப் பட்டறையில் பிறந்தது! பிள்ளையின் வண்டியைத் தகப்பன் கழற்றிப் பார்க்கும் நாட்டில்தான் புதுப்புனைவுகள் தோன்றும். ‘தொடாதே, கை அழுக்காகும், பாடத்தைப் படி’ என்று அதட்டும் நாட்டில் எழுத்தர்களே தோன்றுவர்.

நம் நிலை என்ன? 1949-இல் தொடங்கப்பெற்ற மிதிவண்டி நிறுவனத்தின் தொழிலகம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் எழுந்தது. தமிழன் கையே எஃகை வளைத்தது. தமிழன் கையே பற்றவைத்தது. வண்டியின் ஓர் உறுப்பிலேனும் தமிழ் ஏறிற்றா? ஈராண்டின் முன் நான் வாங்கிய வண்டியொன்றின் கையேட்டைப் புரட்டினேன். ஆங்கிலம் இருந்தது, இந்தி இருந்தது. தமிழ்நாட்டில் விற்கும் வண்டிக்குத் தமிழ் இல்லை. வாங்குபவன் கேட்கவில்லை, விற்பவன் கொடுக்கவில்லை. கேளாதவன் குற்றமே பெரிது.

வீட்டு முற்றமே பட்டறை

‘இவ்வளவும் பேசுகிறீரே, நீர் கற்றீரா?’ என வினவுவீர்கள். கற்றேன். அம் முதியவரையே ஆசானாகக் கொண்டு, ஞாயிறுதோறும் அவர் பட்டறையில் குந்திக் கற்றேன். அவர் கைவழிக் கண்டதை என் மொழியில் ஈண்டுத் தருகின்றேன். வேண்டும் கருவிகள் சிலவே: பட்டறையார் ‘பானா’ எனும் மரைதிருகி, திருப்புளி, குறடு, நெம்புகோல் இரண்டு, உப்புத்தாள், ஒட்டுப்பசை, காற்றடிக்கும் குழல். திருப்பு, உளி எனும் இரு சொல்லும் கூடித் திருப்புளி ஆயிற்று, திருப்பும் உளி! எவ்வளவு இயல்பான ஆக்கம்! அதனை நாள்தோறும் வழங்கிக் காத்து வருவது பட்டறையே.

முதலாவது, பொத்தல். ‘பஞ்சர்’ என்று சொல்லிக் காசை நீட்டுகிறோம். உருளிப்பட்டையின் ஒருபக்க விளிம்பை நெம்புகோலால் விலக்கிக் குழாயை வெளியே எடுங்கள்; திருப்புளியால் நெம்பினால் குழாய் கிழியும். காற்றடைத்து நீருள் அமிழ்த்தினால் பொத்தல் குமிழியிட்டுத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அவ்விடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிப் பசை தடவுங்கள். தடவியவுடன் ஒட்டாதீர்கள், ஓரைந்து மணித்துளி பொறுத்து, பசை உலர்ந்து தொட்டால் கையில் ஒட்டாத நிலையில் ஒட்டுத்துண்டை வைத்து அழுத்துங்கள். இனி, பலர் மறப்பது ஒன்று: குழாயை உள்ளிடுமுன் பட்டையின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். சீமைக் கருவேல முள் அங்கேயே பதுங்கியிருக்கும். முள்ளை விட்டுப் பொத்தலை மட்டும் அடைப்பவன் மறுநாளும் அடைப்பான். நம் மொழியிலும் முள்ளை விட்டுவிட்டுப் பொத்தலையே அடைத்து வருகிறோம்.

பொத்தலே இல்லாமல் இரவோடிரவாகக் காற்று இறங்குவதும் உண்டு. பழைய வகைக் காற்றுவாயில் சிறு தொய்வ உறை ஒன்று இருக்கும். பட்டறையில் ‘வால் டியூப்’ என்பர். அது நைந்திருக்கும். காற்றுவாயில் ஒருதுளி நீர் வைத்தால் குமிழியே சான்று கூறும். உறையை மாற்றச் சில உருபாவே ஆகும். இதற்குப் போய்ப் புதுக்குழாய் வாங்கியவர் எத்தனை பேர்!

இரண்டாவது, தொடர். சங்கிலி என்று மக்கள் சொல்வதற்குத் தொடர் என்பதே பழம்பெயர். புறநானூற்றிலேயே அப்பொருளில் அச்சொல் உண்டு. தொடரின் ஒரு கண்ணியின் அளவு அரையங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். எனவே 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அளவுகோலை வைத்துப் பாருங்கள். அங்குலத்தில் பதினாறில் ஒருபங்கு நீண்டிருந்தால் தொடரை மாற்றும் காலம் வந்தது. எட்டில் ஒருபங்கு நீண்டபின்னும் ஓட்டினால் பல்லுருளியின் பற்களும் தேய்ந்து கூர்த்துவிடும். இருநூறு உருபாவோடு முடிவது ஆயிரத்தில் போய் நிற்கும். தொடரை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒருதுளி பொறியெண்ணெய் விட்டு, மிதியைப் பின்னோக்கிச் சுழற்றி, மேலே நிற்பதைத் துடைத்தெடுங்கள். எண்ணெய் உள்ளே வேண்டும். வெளியே வழிவது புழுதியைத் திரட்டி அரமாக்கும். தேங்காயெண்ணெய் விடுவோர் உளர். அது குளிரில் உறையும்; நாட்பட்டால் பிசினாகும். தலைக்குரியது தலைக்கே ஆகுக.

மூன்றாவது, கோட்டம் எடுத்தல். நம் நாட்டுப் பெரிய மிதிவண்டியில் பொதுவாக முன்னுருளிக்கு 32 கம்பி, பின்னுருளிக்கு 40 கம்பி. பாதி குடத்தின் வலப்புறத்தினின்றும் பாதி இடப்புறத்தினின்றும் சென்று வட்டையை இருபுறமும் இழுத்து நடுவில் நிறுத்துகின்றன. வண்டியைத் தலைகீழாய் நிறுத்தி உருளியைச் சுழற்றுங்கள். தடைக்கட்டையை அளவாய்க் கொண்டு நோக்குங்கள். வட்டை வலப்புறம் சாய்ந்தால், அவ்விடத்து இடக்கம்பிகளை இறுக்குக, வலக்கம்பிகளைத் தளர்த்துக. ஒருமுறைக்குக் கால் சுற்றே போதும். மீண்டும் சுழற்றிப் பார்த்தபின் அடுத்த கால் சுற்று. ஆத்திரக்காரன் ஒரே கம்பியை முறுக்குவான். கோட்டம் போகும், உருளி முட்டைவடிவாகும். இருபுறமும் ஒப்ப இழுத்தால் நடுவுநிலை வாய்க்கும். நடுவுநிலைமையை இதனினும் தெளிவாய் விளக்கும் உரையை நான் கண்டதில்லை. அடுத்த முறை அவ் வதிகாரம் நடத்தும்போது வகுப்பறைக்குள் ஓர் உருளியைக் கொண்டு செல்வதாய் இருக்கிறேன்.

நான்காவது, குண்டுகள். குடத்தின் உள்ளே, கிண்ணத்துக்கும் கூம்புக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. முன்குடத்தில் பக்கத்துக்குப் பத்து. பின்குடத்தில் சற்றுப் பெரியன, பக்கத்துக்கு ஒன்பது. ஆண்டுக்கொருமுறை கழற்றித் துடைத்துப் புதிய மசகிட்டு அடைக்கவேண்டும். ஒரு குண்டு தேய்ந்திருப்பினும் அப்பக்கத்து அனைத்தையும் மாற்றுக. புதியதும் பழையதும் கலந்தால் புதியதே முழுச்சுமையும் தாங்கி உடையும். கூம்பை இறுக்குவதில் அளவறிதல் வேண்டும்: அச்சு ஆடவும் கூடாது, சுழலுங்கால் கரகரக்கவும் கூடாது.

ஐந்தாவது, மிதி. இடப்பக்க மிதியின் மரை மறுசுற்று உடையது. இதனை அறியாது வலிந்து முறுக்கி மரையை அழித்தவர் பலர். மரைதிருகி மேல்நோக்கி நிற்க, அதன் முனையை வண்டியின் பின்புறம் நோக்கித் தள்ளினால் இரு மிதியும் கழலும். முன்புறம் நோக்கித் தள்ளினால் இரண்டும் இறுகும். இந்த ஒரு தொடரைத் தமிழில் எவரேனும் எழுதி ஒட்டியிருந்தால் எத்தனை மரை பிழைத்திருக்கும்!

மாற்றுதற்குரியன எவை?

இன்று கடைகளில் பளபளக்கும் வண்டிகளைப் பார்க்கிறோம். பத்தும் இருபதும் பற்படிகள். முன்னும் பின்னும் குலுக்கந்தாங்கிகள். பிள்ளைகள் கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். விலை குறைந்த வண்டியில் வைத்த குலுக்கந்தாங்கி பெரும்பாலும் எடையையே கூட்டுகிறது. அதன் உள்ளுறுப்புகளோ கழற்ற இயலாதவாறு மூடப்பட்டுள்ளன. கெட்டால் தூக்கி எறிந்து புதிது வாங்கவேண்டும். உன் வண்டியை நீ தொடக்கூடாது என்பதே அவ்வணிகத்தின் உட்பொருள். ‘உனக்கு விளங்காது’ என்று முன்னர் மொழியால் சொன்னார்கள். இப்போது மூடிய உறுப்பால் சொல்கிறார்கள்.

உள்ள வண்டியையே அறிவோடு மேம்படுத்தலாம். முன்பல்லுருளி 44 பல், பின்பல்லுருளி 18 பல் உள்ள பெரிய வண்டி, மிதி ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் செல்லும். பின்பல்லுருளியை 22 பல்லாக மாற்றினால் நான்கரை மீட்டர் செல்லும். விரைவு குறையும், மிதிக்கும் சுமை ஏறத்தாழ ஐந்தில் ஒருபங்கு இலகுவாகும். மேட்டுப்பாதையில் செல்லும் மாணாக்கிக்கும், நெல்மூட்டை ஏற்றும் உழவர்க்கும் இஃதொன்றே பெரும்பேறு. தொடருக்கு இரண்டு கண்ணி மிகை வேண்டும், அவ்வளவே. இரும்பு வட்டையில் மழைநாளில் தடை நன்கு பிடியாது. அலுமினிய வட்டைக்கு மாறினால் ஈரத்திலும் பிடிக்கும். அது உயிர்காக்கும் மாற்றம். தேய்ந்து கல்லாகிப்போன தடைக்கட்டையை மாற்றுவது அதனினும் எளிது. செலவிடுவதாயின் இவற்றிற்குச் செலவிடுங்கள், வண்ணத்திற்கு அன்று.

நம்மவர்க்கு ஒரு சொல்

இயக்கத் தோழர்கள் சிலர் என்மேல் சினங்கொள்ளக்கூடும். ஆயினும் சொல்கிறேன். அறைக்குள் அமர்ந்து அகரமுதலியைப் புரட்டிச் சொல் ஆக்கித் தாளில் அச்சிட்டால் கடமை முடிந்தது என்று கருதுகிறோம். ‘டியூப்’ என்பதற்குத் தூம்பு எனலாமா என்று இருவர் திங்கள் கணக்கில் வழக்காடியதை நான் கேட்டிருக்கிறேன். குழாய் என்னும் சொல் சிற்றூர்ப் பிள்ளையின் வாயிலும் இருக்க, தூம்பு எதற்கு? அச்சொல் சிறந்ததே, ஆயின் வாழும் சொல்லை நீக்கி உறங்கும் சொல்லை எழுப்புவது எம்மொழித் தொண்டு? தொல்காப்பியர் வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்து நூல் செய்தார் என்று பாயிரம் கூறுகிறது. அவற்றுள் வழக்கு முன் நிற்பதைக் காணுங்கள். அகரமுதலிகளில் ஏறாத உலகவழக்குச் சொற்களைப் பாவாணர் (1902–1981) எத்துணை வற்புறுத்தினார் என்பதையும் நினையுங்கள்.

இன்னொரு தரப்பார், ‘எல்லாரும் வீட்டிலேயே செப்பஞ் செய்தால் பட்டறைக்காரர் வயிறு காயாதோ?’ என்பர். பட்டறைக்காரரைக் கேட்டேன். சிரித்தார். பட்டறைகள் மூடப்படுவது பொத்தல் ஒட்டத் தெரிந்தவர்களால் அன்று. வண்டி சிறிது பழுதுற்றதும் அதனை மூலையில் எறிந்து விசையுந்துக்குத் தாவுவோரால். பேணப்படும் வண்டியே பெரிய வேலைக்குப் பட்டறையைத் தேடி வரும். நம்மிடம் அவர் வேண்டுவது இரக்கம் அன்று, மதிப்பு.

செய்ய வேண்டுவன

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, எழுத்தறியாப் பெண்கள் எழுத்தையும் மிதிவண்டியையும் ஒருங்கே கற்றனர். ஏளனம் செய்தோர் முன்னே ஆயிரமாயிரம் பெண்கள் உருளியேறிச் சென்றனர். அது தமிழ்மண் பெருமைகொள்ளத்தக்க நிகழ்வு. 2001-ஆம் ஆண்டளவில் ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணாக்கியர்க்கெனத் தொடங்கிய அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் மற்ற மாணாக்கர்க்கும் விரிந்தது. எழுத்து வந்தது, வண்டி வந்தது, மரைதிருகி இன்னும் நம் பிள்ளைகள் கைக்கு வரவில்லை. அதனைத் தருவது ஆசிரியராகிய நம் கடன். பெற்றோராகிய நம் கடன்.

ஆதலின் இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொருவரிடமும் நான்கு வேண்டுகோள்.

ஒன்று: வீட்டுக்கொரு கருவிப்பை வையுங்கள். ஆண்பிள்ளையென்றும் பெண்பிள்ளையென்றும் பாராமல் பத்து அகவைக்குள் பொத்தல் ஒட்டவும், பதினைந்துக்குள் கோட்டம் எடுக்கவும் பழக்குங்கள்.

இரண்டு: பழக்கும்போது குடம், வட்டை, ஆர்க்கம்பி, பட்டை, குழாய், தொடர், கண்ணி, பல்லுருளி, மிதி, தடைக்கட்டை, மரை, அச்சு என்றே சொல்லுங்கள். கையும் சொல்லும் ஒன்றாய்ப் பழகினால் அச்சொல் சாகாது.

மூன்று: மன்றங்கள் திங்களுக்கொரு ஞாயிற்றைப் பட்டறை நாளாக்குக. மேடையில் பேராசிரியரை அமர்த்துமுன் முற்றத்தில் மிதிவண்டித் தொழிலாளியை ஆசானாக அமர்த்துக; அவர்க்குரிய ஊதியமும் ஆடைப்போர்வையும் தருக. அவர் வழங்கும் சொற்களைக் குறித்து இவ்விதழுக்கு விடுக்குக.

நான்கு: மிதிவண்டி வாங்கும்போது தமிழ்க் கையேடு கேளுங்கள். இல்லையெனில் ஏனில்லை என்று எழுதிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் நகைப்பர்; ஓராயிரவர் கேட்டால் அச்சிடுவர்.

மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் உறுதி பூண்டு நூறாண்டுக்கு மேலாயிற்று. நூறாண்டில் நாம் நாவைத் தூய்மை செய்தோம். கையைத் தூய்மையாகவே வைத்துக்கொண்டோம். இனி நா தூய்மையாகவே இருக்கட்டும்; கை அழுக்காகட்டும். அந்த மாணாக்கி சென்ற திங்கள் தன் வண்டியின் பின்னுருளியைத் தானே கழற்றிப் பொத்தல் ஒட்டி மாட்டிவிட்டு, எண்ணெய்க் கையோடு வகுப்புக்கு வந்தாள். “கோட்டமும் எடுத்துட்டேன் ஐயா” என்றாள். அவ்வொரு சொல் போதும். நம் மொழி வாழும்.

குனியுங்கள், தமிழர்களே! குனிந்து மரையைத் திருகுங்கள்! நிமிர்வதற்கு அதுவே வழி!